விரல் தட்டும் வரை

க்ரௌச் என்றதும் மூன்று முதுகுகள் மடங்குகின்றன, எதிரே இன்னும் மூன்று, பைண்ட் என்றதும் கைகள் நீண்டு அடுத்தவளின் சட்டையைக் கொத்தாகப் பற்றிக்கொள்கின்றன, நான் மட்டும் ஓரமாக, இடப்பக்கத்தில், நிமிர்ந்து நிற்கிறேன், கையில் பந்து. பந்து என்றுதான் சொல்லியாக வேண்டும். நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா, பப்பாளியாம்மா, எந்த ஊர்ல வாங்குனே என்று கேட்டாள், ரக்பி பந்துங்க என்றேன், ஓ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அப்புறமும் நான் விளக்கினேன், அவள் கேட்காமலே, கிண்டி வரைக்கும். பந்து முன்னால் போகக்கூடாதுங்க, பின்னாலதான் கொடுக்கணும், விதி மீறினா ஸ்க்ரம், ரெண்டு பக்கமும் மூணு மூணு பேர் தோளோடு தோள் கோத்து முட்டிக்குவாங்க, நடுவுல ஒரு சந்து மாதிரி இடைவெளி வரும், அதுல பந்தை உருட்டி விடுறவ பேர் ஸ்க்ரம் ஹாஃப், அது நான், உருட்டிவிட்டுப் பின்னால ஓடுவேன், நடுவுல இருக்குறவ காலால இழுத்துத் தள்ளுவா, நான் எடுத்துக் கொடுப்பேன். நடுவுல இருக்குறவ எங்க கேப்டன், பேரு ப்ளெஸ்ஸி. அந்த அம்மா தூங்கிவிட்டாள், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தாள். செட், என்கிறார் கோச் ரோஸ்லின் மேடம், தோள்கள் மோதுகிற சத்தம், அரிசி மூட்டையை லாரியிலிருந்து போட்ட மாதிரி, இப்போது ப்ளெஸ்ஸியின் இடது கை, அவளுக்கு இடப்பக்கம் கோத்திருக்கிற ஷாஹிதாவின் முதுகைச் சுற்றி என் பக்கம் வந்திருக்கிறது, எனக்குத் தெரிவது அந்தக் கைதான், அதிலும் இரண்டு விரல்கள், ஆள்காட்டியும் நடுவிரலும், அவை ஷாஹிதாவின் விலாவில் இரண்டு தட்டு தட்டினால் நான் பந்தைப் போட வேண்டும், தட்டியது, போட்டேன், ஓடினேன், வந்தது, எடுத்தேன், வலப்பக்கம் கொடுத்தேன், நன்றாகவே போனது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இன்று செவ்வாய்.

நான் ஏன் இந்த இடத்தில் நிற்கிறேன் என்றால் வாய். நான்கு மாதம் முன்பு, முதல் நாள், மேடம் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து உயரம், எடை, ஓட்டம் என்று பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்று, உனக்கு வாய் இருக்கு, நீ ஸ்க்ரம் ஹாஃப் என்றார், நான், வாய் எல்லாருக்கும்தான் இருக்கு மேடம் என்றேன், அவர் நோட்டில் எழுதிக்கொண்டே, அதான் சொன்னேன் என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அன்றைக்குச் சிரிக்க முடிந்தது. அதற்கு அரைமணி முன்புதான் நான் மைதானத்து அலுவலகத்தில் சண்டை போட்டிருந்தேன், பையன்களுக்கு நாலு மணி முதல் ஐந்தரை வரை, எங்களுக்கு ஐந்தரையிலிருந்து இருட்டும் வரை, அதாவது முக்கால் மணி, விடுதிக் கதவு ஏழுக்குச் சாத்திவிடும், இதற்கு எந்த விதியில் ஆதாரம் என்று கேட்டேன், அங்கே இருந்தவர் வழக்கம் என்றார், வழக்கம் சட்டமாவதற்கு நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன சார், போன செமஸ்டரில்தான் படித்தோம் என்று நான்கையும் சொன்னேன், அவர் கேட்டுவிட்டு, எந்த டிபார்ட்மெண்ட்மா நீ என்றார், சட்டம் என்றேன், அதானே என்றார். இன்று வரை ஐந்தரைதான். ஆனால் வாதத்தில் நான் ஜெயித்தேன், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். பாஸ் கொடுக்கக் கற்றுக்கொடுத்தபோது மேடம், பந்தைத் தரையிலிருந்து தூக்காதே, பெருக்கு, வீடு பெருக்குற மாதிரி ஒரே வீச்சு என்றார், எனக்கு எரிந்தது, பெருக்குவதற்கா சென்னைக்கு வந்தேன், உதாரணத்துக்குக்கூட வேறு வேலை கிடைக்காதா நம்மைப் பார்த்தால், சொல்லியும் விட்டேன், மேடம் சரி, நீயே ஒரு உதாரணம் சொல்லு என்றார், யோசித்தேன், கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை, பெருக்குவது போலத்தான் இருக்கிறது, குனிந்து, இடது காலை வைத்து, கையை ஓங்காமல், ஒரே வீச்சு. வலப்பக்கம் வந்துவிட்டது. இடப்பக்கம் இன்னும் வரவில்லை, பாதி வழியில் செத்து விழுகிறது. விடுதி அறையில் சுவரில் தலையணையைச் சாய்த்து வைத்து இடப்பக்கமாக இருநூறு முறை எறிந்து பார்த்தேன், அறைத்தோழி உத்ரா, தூங்கணும்டி என்றாள், மணி ஒன்பதுதானே ஆகுது, விடுதி விதிப்படி பத்தரை வரைக்கும் சத்தம் போடலாம் என்றேன், நீ சொல்றது கரெக்ட்தான் என்று சொல்லிவிட்டு மறுநாள் பதினாலாம் நம்பர் அறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது சத்தம் போட விதி தேவையில்லை. எந்த நேரத்திலும் எறியலாம். எறிவதில்லை.

மறுபடி, என்கிறார் மேடம். ப்ளெஸ்ஸி நடந்து வருகிறாள், வலது கணுக்காலுக்கு மேலே வெள்ளை பேண்டேஜ், லேசாகத்தான் நொண்டுகிறாள், கவனித்துப் பார்த்தால்தான் தெரியும், நான் கவனித்துப் பார்க்கிறேன். என்னடி ஆச்சு என்று மேடம் கேட்டதற்கு ஏதோ மடங்கிக்கிச்சு மேடம், ஒண்ணும் இல்ல என்றாள். ஒண்ணும் இல்ல. ப்ளெஸ்ஸிக்கு வலப்பக்கம் கோக்கிற நாகவல்லி காதைச் சுற்றிக் கருப்பு டேப்பை இறுக்கி ஒட்டிக்கொள்கிறாள், ஒயர்க்காரர்கள் ஒட்டுகிற டேப், ஷாஹிதா அவளுக்கு அறுத்துக் கொடுக்கிறாள், பல்லால், பிறகு ப்ளெஸ்ஸிக்கு ஒட்டிவிடுகிறாள், காதை மடித்து, முடியை ஒதுக்கி, அம்மாக்கள் பள்ளிக்கூடம் அனுப்பும்போது செய்வது மாதிரி. எனக்கு டேப் தேவையில்லை. என் காதை யாரும் உரசுவதில்லை. இதை நான் முதல் வாரத்திலேயே கவனித்தேன், இந்த ஆட்டத்தில் ஒவ்வொருத்தியும் இன்னொருத்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் ஒருத்தி மட்டும் பிடிக்காமல், பிடிபடாமல் நிற்க வேண்டும், அந்த ஒருத்திக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள், வாயைப் பார்த்துப் போட்டார்களா அல்லது வேறு ஏதாவது தெரிந்ததா என்னிடத்தில், கேட்டிருக்கலாம், இதைத்தான் கேட்கவில்லை. க்ரௌச். பைண்ட். சட்டைகளைப் பிடிக்கிற சத்தம். ஞாயிற்றுக்கிழமையும் இதே சத்தம்தான், ஆனால் அது இறுதிப் போட்டி, சுற்றி ஆட்கள், மேளம், வெயில், கடைசி நிமிடம், பன்னிரண்டுக்குப் பத்து, நாங்கள் பன்னிரண்டு, எங்கள் ஸ்க்ரம், பந்தைப் போட்டு, வெளியே எடுத்து, கோட்டுக்கு வெளியே ஒரு உதை விட்டால் ஆட்டம் முடிந்தது, கோப்பை, ஃபோட்டோ, அடுத்த மாதம் புனேயில் அடுத்த சுற்று. நான் போட்டேன். பந்து உள்ளே போய்ச் சட்டென்று ஒதுங்கியது. விசில். நேராப் போடல என்றார் நடுவர். ஃப்ரீ கிக் அவர்களுக்கு.

அப்போது நான் வாயை மூடியிருக்க வேண்டும். நடுவரிடம் கேப்டன் மட்டும்தான் பேசலாம், மற்றவர்கள் பேசினால் பத்து மீட்டர் பின்னால் தள்ளுவார், இது எனக்குத் தெரியாதா, விதிப் புத்தகத்தை அணியில் முழுக்கப் படித்த ஒரே ஆள் நான். சார், நேராத்தான் போட்டேன் என்றேன். அவர் கையைக் காட்டினார், பத்து மீட்டர். எல்லாரும் பின்னால் நடந்தார்கள், ப்ளெஸ்ஸி இன்னும் எழுந்தே முடிக்கவில்லை, நாகவல்லிக்கு அடியிலிருந்து காலை உருவிக்கொண்டிருந்தாள். சார், நீங்க நின்ன இடத்துலேருந்து தெரியாது சார், நீங்க அந்தப் பக்கம் இருந்தீங்க என்றேன். இன்னும் பத்து. வாயை மூடுடி என்று யாரோ, ஷாஹிதா என்று நினைக்கிறேன், மூடுடி, மூடுடி, அழுகிற குரல், நான் அவளிடம் திரும்பி, தப்புன்னா தப்புன்னு சொல்லக்கூடாதா என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே எதிரணிக்காரிகள் பந்தைக் காலால் தட்டி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள், என் பக்கமாகத்தான் ஓடினார்கள், நான் திரும்பும்போது அவர்களில் ஒரு ஒல்லிப் பெண் என்னைக் கடந்து மூன்று அடி போய்விட்டாள், அவள் ஜடை ஆடியது நினைவிருக்கிறது, ரிப்பன் கட்டியிருந்தாள், யார் ரக்பிக்கு ரிப்பன் கட்டுவார்கள். பதினைந்துக்குப் பன்னிரண்டு. சாயங்காலம் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். தோத்துட்டோம்ப்பா, ஆனா என் மேல தப்பில்ல. அவர், சரிம்மா என்றார். பின்னால் டிவி ஓடியது. சாப்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். சரிம்மா.

சரிம்மா. இந்தச் சொல் அவருக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தேதி தெரியும். பத்தாம் வகுப்பு லீவு, அரக்கோணத்தில் சித்தப்பாவின் புது வீடு, பால் காய்ச்சின அன்று, எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத் தரையில் சாய்ந்து கிடந்தார்கள், அப்பா அந்தக் கதையைச் சொன்னார், நூறு தடவை சொன்ன கதை, பதினொன்றாம் வகுப்பில் மாவட்டப் போட்டி, நானூறு மீட்டர், வெறுங்காலோடு ஓடி, இரண்டாவது, ஒரு முழம்தான் வித்தியாசம், ஒரே ஒரு முழம் என்று கையை நீட்டிக் காட்டுவார், நாங்கள் சின்ன வயதில் அந்த முழத்தைப் பிடித்துத் தொங்குவோம். அந்த வாரம்தான் நான் ஏதோ சான்றிதழ் தேடும்போது டிரங்குப் பெட்டியில் அவருடையதைப் பார்த்திருந்தேன். மூணாவதுப்பா, சர்ட்டிஃபிகேட்ல மூணாவதுன்னு இருக்கு என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார், மாமா இனிமே உங்க கதைக்கெல்லாம் அட்டெஸ்டட் காப்பி வேணும் என்றாள் சித்தி. அப்பாவின் கை நீட்டினபடி இருந்தது, முழம் காட்டியபடி, பிறகு அதை மெதுவாக மடக்கிக்கொண்டு, சரிம்மா என்றார். நான் சொன்னதில் என்ன பொய். ஒரு எழுத்து பொய் கிடையாது. அந்தக் கதையை அவர் அப்புறம் சொன்னதே இல்லை. எனக்கு வெற்றிச்செல்வி என்று பெயர் வைத்ததும் அவர்தான். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அவர் மறுத்ததில்லை, சட்டம் படிக்கிறேன் என்றபோதும், விடுதியில் இருக்கிறேன் என்றபோதும், ரக்பி ஆடுகிறேன் என்றபோதும், கை கால் ஒடியாதா என்றுகூடக் கேட்கவில்லை, மற்ற அப்பாக்கள் எல்லாம் கத்தினார்களாம், ஷாஹிதாவின் அப்பா மூன்று நாள் பேசவே இல்லையாம், அதை அவள் பெருமையாகச் சொல்வாள், எங்க வாப்பா சாமானியமா ஒத்துக்கலப்பா என்று.

ஸ்க்ரம் சரிந்து விழுகிறது, எதிரே இருக்கிற முதலாண்டுப் பெண்களில் ஒருத்திக்கு முட்டி வழுக்கிவிட்டது, யா அல்லாஹ், என் கழுத்து என்கிறாள் ஷாஹிதா கீழேயிருந்து, நாகவல்லி அவளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குகிறாள், உன் கழுத்து எங்க இருக்கு, தோளும் தலையும்தானே இருக்கு உனக்கு, சிரிக்கிறார்கள், ப்ளெஸ்ஸியும் சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே கணுக்காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், நான் பந்தைத் துடைக்கிறேன், ஏற்கெனவே காய்ந்த பந்தை. வீடியோவைப் பற்றி யோசிக்கக்கூடாது என்று வந்தேன். திங்கள் காலையில் கிடைத்தது, எதிரணியின் தோழி ஒருத்தி எடுத்தது, கெஞ்சி வாங்கினேன், எனக்கு நேர் பின்னாலிருந்து எடுத்திருக்கிறாள், என் கையிலிருந்து பந்து நேராகத்தான் போகிறது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, உள்ளே ப்ளெஸ்ஸியின் காலில் பட்டுத்தான் ஒதுங்குகிறது, நடுவர் பார்த்தது ஒதுங்கினதை மட்டும். அந்த ஆறு வினாடியை வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, அம்புக்குறி போட்டு, விதி எண்ணோடு அணியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாருங்க, நேராத்தான் போட்டிருக்கேன். பதினோரு பேர், பதினோரு நீல டிக். நாகவல்லி மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டாள், ஐந்து நிமிடம் கழித்து அதையும் எடுத்துவிட்டாள். எனக்குக் கோபம், ஆதாரம் கண்ணெதிரே இருக்கிறது, ஏன் ஒருத்தியும் பேசவில்லை, மறுபடி பார்த்தேன், மறுபடி, யாருக்காவது சந்தேகம் வந்தால் பதில் சொல்வதற்காக படத்தின் எல்லா மூலையையும் பார்த்தேன், நாற்பது தடவையாவது இருக்கும், பார்க்கப் பார்க்கப் பந்தைப் பார்ப்பது நின்றுபோய் மற்றதெல்லாம் தெரிய ஆரம்பித்தது, என் கால், என் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, ஷாஹிதாவின் முதுகு, அதன் மேல் ஒரு கை. அந்தக் கையில் இரண்டு விரல். என் கையில் பந்து இல்லை, பந்து உள்ளே போய்விட்டது, அப்புறம்தான் அந்த விரல்கள் எழும்புகின்றன, ஒன்று, இரண்டாவது தட்டு இல்லை, முதல் தட்டிலேயே கை நழுவுகிறது, ஏனென்றால் அவள் விழுகிறாள்.

முதல் வாரத்தில் ப்ளெஸ்ஸி சொல்லிக்கொடுத்தது இது ஒன்றுதான். நான் தட்டுனாத்தான் போடணும், தட்டலன்னா சாமியே வந்து சொன்னாலும் போடாத. ஏங்க்கா என்று கேட்டேன், எனக்குக் காரணம் வேண்டும் எல்லாவற்றுக்கும். அவள் எண்ணூர்க்காரி, வலை இழுத்த தோள், ஏன்னா நீ போடுறப்போ நான் ஒத்தக் கால்ல நிப்பேன்டி, மேல ரெண்டு பக்கமும் வெயிட்டு, கீழ ஒரு காலு, நான் ரெடியா இல்லாம நீ போட்டேன்னு வையி, அவ்ளோதான், கால் இருக்காது என்றாள், அதை ஜோக் மாதிரிதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நான் தட்டுக்குக் காத்திருக்கவில்லை. ஏன். மேளம், கடைசி நிமிடம், சீக்கிரம் முடிய வேண்டும், இவை எல்லாம் காரணம் ஆகுமா, நான் நீதிபதியாக இருந்தால் ஏற்றுக்கொள்வேனா. தெரிந்தே போடவில்லை. தெரியாமலும் போடவில்லை. அந்த விரல் இருக்கிறது என்பதே அந்த நேரத்தில் எனக்கு நினைவில் இல்லை, நான் நேராகப் போடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், அழகாக, நேராக. அவளுக்குத் தெரியும். தட்டினவளுக்குத் தெரியாதா. மைதானத்திலும் சொல்லவில்லை, வேனிலும் சொல்லவில்லை, குழுவில் என் அம்புக்குறியைப் பார்த்துவிட்டும் சொல்லவில்லை, நாலு வார்த்தை டைப் செய்தால் என் கேஸ் முடிந்தது, மேடம் நாளைக்கே வேறு ஒருத்தியை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார், ரிசர்வில் ஒரு முதலாண்டுப் பெண் இருக்கிறாள், வாயே கிடையாது அவளுக்கு. அம்புக்குறிக்கு இரண்டு விரற்கடை மேலேதான் அந்தக் கை இருக்கிறது. பதினோரு பேர் பார்த்தார்கள், அவளைத் தவிர யாருக்கும் தெரியவில்லை, தெரியப்போவதும் இல்லை. நான் சொல்லாவிட்டால். சொன்னால் மேடத்திடம் போகும், போனால் இந்த இடம் போகும், இடம் போனால் ஐந்தரை மணிக்கு நான் எங்கே போவேன், என் பதினொன்றாம் நம்பர் அறைக்கா, இரண்டு கட்டில், ஒரு மெத்தை. சொல்லாவிட்டால் இடம் இருக்கும், ஒவ்வொரு தடவையும் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அவளும் தட்டுவாள், ஒழுங்காகத் தட்டுவாள், அப்பா சரிம்மா என்று சொல்வது மாதிரி.

கடைசி ஸ்க்ரம், லைட் போகுது, என்கிறார் மேடம் அந்தப் பக்கத்துக் கோட்டிலிருந்து. பாலத்தின் மேல் ரயில் போகிறது, ஜன்னல்களில் விளக்கு போட்டுவிட்டார்கள். க்ரௌச். நான் பந்தை இரண்டு கையாலும் பிடித்து முழங்காலுக்குக் கீழே கொண்டுபோகிறேன். பைண்ட். செட். மோதுகிறார்கள், மூச்சு, முனகல், யாருடைய வயிறோ கடமுட என்கிறது. ப்ளெஸ்ஸியின் கை வந்து ஷாஹிதாவின் விலாவில் நிற்கிறது. விரல்கள் அசையவில்லை. நான் குனிந்து, அந்த முதுகுகளுக்கு அருகில் வாயைக் கொண்டுபோய், ப்ளெஸ்ஸிக்கா என்றேன். கேட்கவில்லை, காதில் டேப். ப்ளெஸ்ஸிக்கா, ஞாயித்துக்கெழமை நீங்க தட்டுறதுக்கு முன்னாடியே நான் பந்தைப் போட்டுட்டேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. இன்னாக்கா சொல்றா இவ என்றாள் எதிர்ப்பக்கம் ஒருத்தி. என்னது, தட்டுறதுக்கு முன்னாடியா என்று ஷாஹிதாவின் குரல், தரையிலிருந்து வருகிற மாதிரி, அப்ப இவ கால் என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். நாகவல்லியின் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. நான் எதிர்பார்த்தேன், இப்போது கைகள் அவிழும், ஒவ்வொருத்தியாக நிமிர்வார்கள், முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு கிளம்புவார்கள், எனக்குப் பழக்கமான சத்தம் அது. தெரியும் என்றாள் ப்ளெஸ்ஸி. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள், வேறு எங்கே பார்க்க முடியும். ஒரு மூச்சு விட்டு, காலு என்னுதுதானே என்றாள். எனக்குத் தொண்டையில் வந்துவிட்டது, ஆனா பந்து நேராத்தான்க்கா போச்சு, நடுவர் சொன்னது தப்புதான்க்கா, அது வேற, இது வேற, வாக்கியம் முழுசாக, நிறுத்தற்குறியோடு வந்து நின்றது, பல்லைக் கடித்தேன். இப்ப வாய மூடிக்கினு நில்லு, வக்கீலு என்றாள். நின்றேன். போடுடி, முதுகு உடையுது என்றாள் நாகவல்லி. அங்கேயிருந்து மேடம், என்ன அங்க மாநாடு, பந்தைப் போடு என்று கத்தினார். தட்டல மேடம் என்றேன். ஷாஹிதாவின் விலா மூச்சு வாங்கி உப்பியது, தணிந்தது, அதன் மேல் இரண்டு விரல், நகத்தில் மண், அசையவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. நான் குனிந்தபடி, பந்தை அங்கேயே பிடித்துக்கொண்டு, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.